சுமதிக்கு ஏற்ற கியர் ஆயில்

2004 ஜூன், ஞாயிறு.

மணிக்கட்டு முறிந்து தேறியபின், என் மனைவி சுமதியால் எங்கள் ஸ்போர்ட்ஸ் காரில் இரண்டாவது கியரைப் போட முடியவில்லை. ஆயில் சூடேறும்வரை அது இறுக்கமாகவே இருக்கும். வண்டியைத் தொடுவதையே விட்டுவிட்டாள்.

இன்று மெக்கானிக் பஷீரிடம் லேசான கியர் ஆயில் ஊற்றச் சொன்னேன். லேசானது, கெட்டியானது இரண்டுமே ஊற்றலாம் என்று காரோடு வந்த புத்தகத்தில் இருக்கிறது.

"அண்ணாத்த, நீங்க வேகமா ஓட்டுற ஆளு. கெட்டி ஆயில்தான் கியருக்கு நல்லது," என்றார்.

"இனிமே அவ ஓட்டட்டும் பாய்."

மாலையில் கடற்கரைச் சாலையில் முட்டுக்காடு வரை அவளே ஓட்டினாள். இரண்டாவது கியர் வழுக்கிக்கொண்டு விழுந்தது.

"இன்னா பண்ணீங்க? கையே வலிக்கல."

"ஆயில் மாத்தினேன்."

அங்குள்ள பாலத்தைத் தாண்டியதும் வேகமுள் நூறைக் கடந்தது. மெதுவாகப் போ என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.