மேல் ஓடைக் கற்கள்

ஜூலை 28, திங்கள்
மூட்டம். மழை இல்லை. முழங்கால் வலி. மேல் ஓடை வரை ஏறிப் பார்த்தேன். மண் ஆய்வுக்காரப் பெண் சொன்னபடி அடுக்கிய கல் தடுப்புகள் எல்லாம் சரியாக இருக்கின்றன. கல் நகர்கிறதா என்று பார்க்க ஒவ்வொன்றிலும் நீலப் பெயின்டில் எண். முதலில் அவளோடு சண்டை போட்டேன். பிறகு நானே புத்தகம் வாங்கிப் படித்தேன். அவள் சொல்வதுதான் சரி. மண் கிளம்புவது மேலே. கரை இடிவது கீழே, என் வேர்க்கடலை நிலத்தில். போன வருடம் ஒரு துண்டு கானாற்றோடு போனது. அவள் சொன்னாள்:
"முதல் பெருமழையத் தாங்கிட்டா போதும் ஐயா. பின்னால மண்ணு சேந்து புல்லு மொளச்சிடும்."

ஆகஸ்ட் 1, வெள்ளி
கோயிலில் பொங்கல். மருமகள் செல்வியின் பானைக்கு அடியில் மூன்று கல். நீல எண்! சுற்றிப் பார்த்தேன். எல்லா அடுப்பிலும் அதே.
"இன்னா மாமா, கல்லுதானே?"
டிராக்டர் விட்டு அள்ளி வந்தது கோயில் தலைவர் கோவிந்தன். "மலையில சும்மா கெடந்துச்சு. யாரோ புண்ணியவான் அடுக்கி வேற வெச்சிருந்தான், லோடு ஏத்த வசதியா."
பொங்கலைத் தொடக் கூடாது என்று இருந்தேன். தின்றேன். பசி.

ஆகஸ்ட் 2, சனி
கல்லைத் திருப்பிப் போடச் சொல்லி கோவிந்தனிடம் கேட்டேன்.
"ஆத்தாளுக்குப் பொங்க வெச்ச கல்லு பெரியவரே. ஓடையில போட்டு கண்டவன் மிதிக்கவா? ஊருக்கு ஆவாது."
மஞ்சள் பூசிவிட்டார்கள். தூ.
நானே இரண்டு கல்லைத் தூக்கினேன். நாலு பேர் பிடுங்கிக்கொண்டார்கள். அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டேன். "மேல் ஓடைதான் ஐயா முக்கியம்."

ஆகஸ்ட் 4, திங்கள்
விடியலில் கொட்டியது. கானாறு செம்மண் குழம்பு. வேர்க்கடலையில் பாதி இல்லை. போர்வெல் பைப் அந்தரத்தில் தொங்குகிறது. செல்வி அழுதாள். நான் திட்டவில்லை.
எதிர்க்கரையில் கோவிந்தனின் மாட்டுக்கொட்டகை ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்
தூறல். ஆத்தாளிடம் கோவிந்தன் பூப்போட்டுக் கேட்டானாம். வெள்ளைப்பூ வந்ததாம். கல்லை எடுக்க உத்தரவாம். சனிக்கிழமை ஆகாதது செவ்வாய்க்கிழமை ஆகிறது.
சரி, எப்படியோ புத்தி வந்ததே என்று செருப்பை மாட்டிக்கொண்டு டிராக்டர் பின்னாலேயே ஓடினேன். வண்டி மலைப் பக்கம் திரும்பவில்லை. எல்லாக் கல்லும் அவன் கொட்டகை ஓரத்தில். "கீழ போட்டா நிக்காதுடா, மேலயிருந்து வர்ற தண்ணிடா அது!" கத்தினேன்.
"உனுக்கும் ரெண்டு லோடு வேணுமா பெரியவரே?"
காறித் துப்பினேன்.