தூங்கிக்கொண்டிருந்ததாகச் சொல்

அன்புள்ள அக்கா, அம்மாவின் வலக்கை மாவுக்கட்டில் இருப்பதால் நொஹேலி ஆகிய நான் எழுதுகிறேன். அம்மா சொல்வதைக் கூட்டாமல் குறைக்காமல் உண்மையாக எழுதுவேன். இனி வருவது அம்மாவின் பேச்சு.

என் மகள் ஹெசேனியாவுக்கு, நாங்கள் இருவரும் உயிரோடு பத்திரமாக இருக்கிறோம், மாட்ரிட்டில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க மாதாவை வேண்டுகிறேன். உன் அப்பா மறுபடியும் கை நீட்டிவிட்டார், என் மணிக்கட்டு முறிந்தது, விடிந்ததும் தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு லதாகுங்கா ஊர் வீட்டை விட்டு வந்துவிட்டேன், இப்போது பெண்கள் காப்பகத்தில் இருக்கிறோம். சூப் நன்றாக இருக்கிறது, வாழைக்காயைத்தான் சரியாக வேகவிடுவதில்லை. யார் படியேறினாலும் அவர் பூட்ஸ் சத்தமாகவே கேட்கிறது, என்னை அறியாமல் எழுந்து ரேடியோவைத் தேடுகிறேன். அவர் குடித்துவிட்டு வந்தால் உங்கள் காதில் எதுவும் விழக்கூடாது என்று நான் பாட்டைச் சத்தமாக வைப்பது உனக்குத் தெரியுமே.

செவ்வாய்க்கிழமை நீதிமன்றம். உன் அத்தை மார்லேனே போன் செய்து, "பிள்ளை சத்தத்தைக் கேட்டேன்னு கோர்ட்டுல வாயைத் திறந்தா, காப்பாத்தாத தாய்னு உன் மேலயும் கேஸ் போட்டுப் பிள்ளையைப் பறிச்சுக்குவாங்க, அப்புறம் உக்காந்து அழு அண்ணி" என்றாள். பயத்தில் நொஹேலியிடம், தூங்கிக்கொண்டிருந்ததாகச் சொல் என்றேன். அவள் காப்பகத்தில் கொடுத்த சட்டத் தாளை மூன்று முறை படித்துவிட்டு, எங்கள் கேஸைப் பார்க்கும் வக்கீலம்மாவிடமே நேராகப் போய்க் கேட்டுவிட்டாள். அவர் என்னை உட்காரவைத்து, "எல்விரா, அடி பிள்ளை மேல விழணும்னு இல்ல, பார்த்தாலும் கேட்டாலும் அதுக்கும் காயம்தான். நீ மறைச்சா அந்த ஆளுக்குத்தான் வசதி" என்றார். பிள்ளையைப் பிரிக்கமாட்டார்களே என்றேன். "சத்தியம் பண்ண முடியாதும்மா. ஆனா பிள்ளையைக் கூட்டிக்கிட்டு வெளிய வந்தவ நீ, அதை ஜட்ஜ்கிட்ட சொல்லுவேன்" என்றார்.

மகளே, பதிமூன்று வருஷத்துக்கு முன் உனக்கும் இதையேதான் சொல்லிக்கொடுத்தேன். உனக்கு ஒன்பது வயது. தூங்கிட்டேன் என்று தடுமாறாமல் சொன்னாய், விசாரித்த அதிகாரி உன் கன்னத்தைத் தட்டினார், அன்று சாயங்காலமே அப்பாவை விட்டுவிட்டார்கள், வீட்டுக்குத் திரும்பினார். அதற்குப் பிறகு நீ என்னிடம் எதுவுமே சொன்னதில்லை.

இன்று நொஹேலியிடம், அந்த ராத்திரி உன் காதில் என்னென்ன விழுந்தது என்று முதல் தடவையாகக் கேட்டேன். பாட்டுகளின் பெயரோடு சொன்னாள், எந்தப் பாட்டில் என் கை முறிந்தது என்பதுவரை. செவ்வாயன்று அவள் சொல்லட்டும். பிரித்துவிடுவார்களோ என்ற பயம் போகவில்லை, ஆனாலும் சொல்லட்டும்.

கடவுள் உன்னை விட்டு விலகாதிருக்கட்டும். அங்கே ராத்திரி ரயிலில் தனியாகப் போகாதே. பதிலை வக்கீலம்மா அலுவலகத்துக்குப் போடு, நாங்கள் இருக்கும் ஊரை எழுதக்கூடாது என்கிறார்கள். அத்தை கேட்டால் எதுவும் தெரியாது என்று சொல்.

உன்னைப் பெற்றவள்,
எல்விரா
(இடக்கையால் போட்டது)

அக்கா, கையெழுத்துப் போட்ட பிறகு அம்மா, "அவளும் அப்போ எல்லாத்தையும் கேட்டிருப்பாளோ?" என்று உன்னைப் பற்றிக் கேட்டாள். எனக்கு எப்படித் தெரியும் என்றேன். இதையும் எழுதட்டுமா என்றதும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள், தூங்கவில்லை. வராந்தா வெளிச்சத்தில் இந்த வரியை எழுதுகிறேன். அறையில் விளக்கை அணைத்துவிட்டார்கள்.