சுவரில் ஊர்ந்த ரயில்

என் அவசரத்தைப் பார்த்துச் சிரித்தே என்னை ஆளாக்கிய அக்காவுக்கு,

உன் சனிக்கிழமை அறிவியல் வகுப்பை மூடிவிடலாம் என்று முடிவு செய்திருந்தேன். நேராகவே சொல்கிறேன், எனக்கு அது வரவில்லை. மின்சுற்று வடிவமைக்கிறவன் நான். பிள்ளைகள் கேள்வியை முடிப்பதற்குள் விடையைச் சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூடம் போகாமல் வீட்டிலேயே படிக்கிற பிள்ளைகள். உன்னிடம் நேரம் போவது தெரியாமல் உட்கார்ந்திருந்தவர்கள், என்னிடம் கொட்டாவி விட்டார்கள்.

உன் மகள் இனியா வருவதே இல்லை. நீ எங்களை விட்டுப் போனபிறகு, வகுப்பு நடக்கும் அந்த மாடி அறைக்குள் அவள் கால் வைக்கவில்லை. அப்புறம் யாருக்காக நடத்துவது?

கடைசி வகுப்புக்கு, நீ செய்ய நினைத்து விட்டுப்போன சோதனையையே எடுத்தேன். நீ வெட்டி வைத்திருந்த கறுப்பு அட்டையால் ஜன்னலை அடைத்தேன். நடுவில் சுண்டுவிரல் நுழையும் ஓட்டை. வெளியே மந்தைவெளி வெயில் கொளுத்தியது. உள்ளே, வெளிக்காட்சி விழவேண்டிய எதிர்ச் சுவரில் ஒன்றுமே தெரியவில்லை.

“அங்கிள், இது கரண்ட் கட் கிளாஸா?” என்றான் சாந்தோமிலிருந்து வரும் ஜோயல். எல்லோரும் சிரித்தார்கள்.

ஓட்டையைப் பெரிதாக்கக் கத்தரிக்கோலைத் தேடினேன்.

“மாமா, அத வெட்டாத. கொஞ்ச நேரம் சும்மா இரு.”

இனியாவின் குரல். எப்போது உள்ளே வந்தாள்?

“எவ்ளோ நேரம்டி?”

“தெரியும்போது தெரியும். நமக்கு என்ன, பெல்லா அடிக்கப் போகுது?”

சும்மா இருந்தோம். கண் பழகப் பழக, சுவர் மெல்ல நிறம் பிடித்தது. கீழே நீல வானம். அதற்குள் ஒரு தென்னை தலைகீழாக இறங்கியிருந்தது. கொடியில் காய்ந்த துணிகள் மேல்நோக்கி அசைந்தன. பிறகு, பாலத்தின் மேல் ஓடும் பறக்கும் ரயில் வந்தது. சத்தம் ஜன்னல் பக்கம். ரயில் எங்கள் சுவரில், கூரை கீழாக, கனவில் போவதுபோல் போனது.

“ஏன் தலைகீழா போவுது?” என்றான் ஜோயல், மெதுவாக. விடை நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன்.

“மேலேர்ந்து வர்ற வெளிச்சம் ஓட்ட வழியா நேரா கீழ போவுதுடா,” என்றது ஒரு குட்டிக் குரல். அவர்களே சண்டை போட்டுக்கொண்டார்கள்.

இனியா கதவைத் திறந்துகொண்டு மாடி வெயிலுக்கு ஓடினாள். கதவை மூடிவிட்டு மறுபடி காத்திருந்தோம். அப்புறம் சுவரில் அவள் வந்தாள். மாடித் தரை மேலே, தலை கீழே. குதிக்கக் குதிக்க வானத்துக்குள் இறங்கினாள். எங்களைப் பார்த்துக் கையாட்டினாள்.

வெளிச்சத்தில் நிற்கிறவளுக்கு இருட்டில் இருக்கும் எங்களைத் தெரியாது. அந்த ஒளியியலெல்லாம் படித்தவன்தான் நான். ஆனாலும் கையாட்டினேன். உனக்கு நாங்கள் எந்தப் பக்கமாகத் தெரிகிறோம், அக்கா?

வகுப்பை மூடவில்லை. அட்டையைக் கழற்றவுமில்லை. விடையை முந்திக்கொண்டு சொல்ல மாட்டேன். மீறி வாயைத் திறந்தால், அடக்க உன் மகள் இருக்கிறாள்.

இருட்டுக்குள்ளிருந்து கையாட்டும்
உன் தம்பி