காதில் சரியாக விழவில்லை

அன்பு மகன் நிஸாருக்கு உன் உம்மா இன்ஷிராஹ் ஸலாம் சொல்லி எழுதுவது. இங்கே எல்லோரும் இருக்கிறோம். அந்தக் குளிர் ஊரில் உனக்கு ஒரு குறையும் வராமல் அல்லாஹ் பார்த்துக்கொள்ளட்டும்.

முதலில் நீ கேட்டதைச் சொல்லிவிடுகிறேன். வாப்பாவின் பதிவாளர் வேலை போகவில்லை. பல்கலைக்கழகம் கொடுத்த வீடும் நம்மிடமே இருக்கிறது. உன் தங்கை மய்யாதாவின் மாப்பிள்ளை வீட்டார் கல்யாணத்தைத் தள்ளிப்போடவில்லை. பஸ்பூஸா இனிப்பு ஒரு தட்டு நிறையக் கொண்டுவந்து சிரித்துப் பேசிவிட்டுப் போனார்கள். நீ நிம்மதியாக இரு. எனக்கு நிம்மதியும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. பாத்திரம் கழுவுகிறேன், துணி காயப்போடுகிறேன், பொழுது போகிறது.

நடந்ததை மய்யாதா உன்னிடம் அரைகுறையாகத்தான் சொல்லியிருப்பாள். வாப்பாவின் பழக்கம் உனக்குத் தெரியும். விமானத் தளத்தில் கோபுரத்திலிருந்து எது சொன்னாலும் விமானி அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அவன் கேட்டதாகவே கணக்கில்லை. முதுகு உடைந்து விமானப்படையை விட்டு வந்த பிறகும் அந்தப் பழக்கம் அவரை விடவில்லை. கடைக்கு அனுப்பினால் வாசலில் நின்று, "தக்காளி ரெண்டு கிலோ, முலுகியாக் கீரை ஒரு கட்டு, எலுமிச்சம்பழம் வேணாம். சரியா?" என்று ஒப்பிப்பார். "சரி வாப்பா, கிளம்பலாம்" என்று நீ உள்ளேயிருந்து கத்துவாய். அலுவலகத்திலும் இதே கதைதான். எழுத்தர் புஷ்ரா, "பதிவாளர் பாஷாகிட்ட ஒரு தடவை சொன்னா போதும், ஊருக்கே கேட்டுடும்" என்று கேலி செய்வாளாம்.

அன்று துணைவேந்தர் போன் செய்தபோது அறையில் எழுத்தர்களும், தேர்வு முடிவு விசாரிக்க வந்த பெற்றோர்களும் நின்றிருக்கிறார்கள். துணைவேந்தர் காதோடு காதாகத்தான் சொல்லியிருப்பார். உன் வாப்பா சத்தமாக, நிறுத்தி நிறுத்தித் திருப்பிச் சொன்னார்: "மருத்துவம், மூணாம் வருஷம், காண்ட்ராக்டர் இஸ்ஸத்தோட மகன். மருந்தியல்ல ஃபெயில். அதைப் பாஸ்னு மாத்தணும். சரியாச் சொன்னேனா ஐயா?"

அந்தப் பக்கம் போனை வைத்துவிட்டார்கள். இங்கே யாரோ சிரித்தார்களாம். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று புரியாமல் இவர் வரிசையில் அடுத்தவரைக் கூப்பிட்டாராம். பெரிய வீரம் எதுவும் காட்டவில்லை நிஸார், கேட்டதைத் திருப்பிச் சொன்னார், அவ்வளவுதான். சாயங்காலத்துக்குள் காப்பிக்கடை முழுக்க அதே பேச்சு. அப்புறம் கெய்ரோ பத்திரிகை. அப்புறம் விசாரணை, அதுவும் அவதூறு பரப்பினார் என்று உன் வாப்பாவின் மேல்.

"காதுல சரியா விழலைன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா என்ன குறைஞ்சுபோயிடும்?" என்று நீ எழுதியிருந்தாய். மய்யாதாவும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அதையே கேட்டாள். உன் மாமா வந்து, "மச்சான், இந்த வயசுல காது மந்தம்னா எவன் கேள்வி கேக்கப்போறான்?" என்று கெஞ்சினான். "காது கேக்கலைன்னு சொன்னவனை அதுக்கப்புறம் வானத்துல விடமாட்டாங்க" என்றார் வாப்பா. "நீங்க இப்ப வானத்துலயா இருக்கீங்க?" என்றேன் நான். விசாரணைக்கு அவர் போட்டுப்போகும் சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்தேன்.

செவ்வாய்க்கிழமை போனார். குழுவின் முன்னால், "எனக்குக் காதுல சரியா விழல, நானா எதையோ சொல்லிட்டேன்" என்றாராம். கையெழுத்தும் போட்டாராம். துணைவேந்தர் எழுந்து வந்து கட்டிப்பிடித்து, "குண்டுச் சத்தம் கேட்ட காதுல்ல, பாவம்" என்று முதுகைத் தட்டிக் கொடுத்தாராம். உடைந்த முதுகு அது. அந்தப் பையன் இப்போது நான்காம் வருஷத்தில் உட்கார்ந்திருக்கிறான்.

அன்றிலிருந்து உன் வாப்பா எதையும் திருப்பிச் சொல்வதில்லை. கடைக்குப் போகச் சொன்னால் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போகிறார், கையில் அகப்பட்டதை வாங்கி வருகிறார். சமையலறையில் வெங்காயம் குவிந்து கிடக்கிறது. ஏதாவது பேசினால் "என்ன?" என்கிறார். மறுபடி சொன்னால் மறுபடியும் "என்ன?". டாக்டரிடம் கூட்டிப்போனேன். "இளவட்டத்தோட காதும்மா இது, ஒரு குறையும் இல்ல" என்றார். பாங்கு சொன்னால் எழுந்து தொழப் போகிறார். மனிதர் பேச்சு மட்டும் உள்ளே போவதில்லை. படை விமானம் மேலே பறந்தால் சத்தத்தை வைத்தே இன்ன ரகம் என்று சொல்வாரே, இப்போது தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். எனக்குப் பயமாக இருக்க வேண்டும். அதுகூட வரமாட்டேன் என்கிறது.

உன்னைக் குறை சொல்லவில்லை. வீடு வேண்டியிருந்தது, கல்யாணம் நடக்க வேண்டியிருந்தது. எல்லோருமாகக் கேட்டோம், அவர் கொடுத்துவிட்டார்.

பெருநாளன்று நீ போன் செய்வாய், ரிசீவரை அவரிடம் கொடுக்கிறேன். உன் வேலையைப் பற்றிச் சொல், பனியைப் பற்றிச் சொல். பதில் வராவிட்டாலும் சொல்லிக்கொண்டே இரு. வெளிநாட்டு லைன் எப்போதும் கரகரக்கும். எவ்வளவு கரகரத்தாலும், "வாப்பா, கேக்குதா?" என்று மட்டும் கேட்டுவிடாதே, மகனே.

உனக்காக எப்போதும் துஆச் செய்யும்,
உம்மா