தொட்டால் போகிற நம்பர்

ஜூலை 8, திங்கள்

ஷாவு, இன்றைக்கு உங்கள் கம்ப்யூட்டரைத் தொட்டேன். பயந்துகொண்டுதான்.

எதிரில் ஒரு நாளும் உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இங்கே எழுதினால் யார் கேட்கப் போகிறார்கள்.

காலையில் உங்கள் தம்பி முதஸ்ஸிர் வந்தார். நீங்கள் போய்ச் சேர்ந்ததிலிருந்து நான் இத்தாவில் இருக்கிறேன் இல்லையா, நாலு மாசம் பத்து நாள் வெளி ஆண்கள் முன்னால் வரக் கூடாதே, திரைக்கு இந்தப் பக்கம் நின்றுதான் பேசினேன். "பாபி, அண்ணன் போன்ல கீற சிம்மு என் பேர்ல வாங்குனது. வெள்ளிக்கிழமை ஜும்மா முடிச்சிக்கினு வந்து எடுத்துக்குறேன். சோபா ஆர்டரு எல்லாம் அந்த நம்பருக்குத்தான வருது. நீங்க ஏன் கஷ்டப்படணும், நான் பாத்துக்குறேன்" என்றார்.

கெட்ட எண்ணம் இல்லை அவருக்கு. ஆனாலும், ஆர்டர் அவரிடம் போனால் சோபா கவர் தையல் மட்டும் என்னிடம் வருமா? அசோக் நகர் கடையில் அவருக்கு டெய்லர்கள் இருக்கிறார்கள். அப்புறம் அவர் கொடுக்கிறதை வாங்கித்தான் நம் பிள்ளை இஃப்ராவுக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்டணுமா? ஒவ்வொரு முறையும் கை நீட்டி நிற்கணுமா?

சிம் அவருடையது, எடுத்துக்கொள்ளட்டும். அந்த நம்பர் போட்டிருக்கிற வெப்சைட் நீங்களே செய்தது, உங்களுடையது. அதில் என் நம்பரைப் போட்டுவிட்டால்?

நீங்கள் எப்போதும் எழுதுகிற அந்தக் கறுப்பு ஜன்னலை அமுக்கினேன். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. உள்ளே ஃபேன் மேடு ஏறுகிற ஆட்டோ மாதிரி கத்தியது. பயந்துபோய் பிளக்கைப் பிடுங்கிவிட்டேன்.

ஜூலை 9, செவ்வாய்

பிளக்கைப் பிடுங்கியதில் எல்லாம் அழிந்திருக்குமோ. இன்றைக்குத் தைத்ததை எல்லாம் பிரித்துத் திரும்பத் தைத்தேன்.

ஜூலை 10, புதன்

மாடி வீட்டுத் தாரணியைக் கூப்பிட்டேன். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் கம்பெனிக்கு வேலை பார்க்கிறவள். வந்து கம்ப்யூட்டரைப் போட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"அக்கா, இதுக்கு ஆஸ்துமா. இது தலையில போய் பாய் அவ்ளோ பெரிய எடிட்டர ஏத்தி வச்சிருக்காரு. அது அப்டேட் ஆகி ஆகி குண்டாயிடுச்சு, இது மூச்சு வாங்குது."

எடிட்டர் என்றால் வெப்சைட்டுக்கு உள்ளே இருக்கிற எழுத்தைத் திறந்து திருத்துகிற இடமாம்.

"நான் பிளக்கப் பிடுங்கிட்டேன் தாரணி. எல்லாம் போயிடுச்சா?"

"எதுவும் போகல. எடிட்டர் வேற, ஃபைல் வேறக்கா. மெஷின் ரிப்பேர் ஆனா துணி கிழிஞ்சிடுமா?"

"சில மெஷின் கிழிக்கும்" என்றேன். அதற்கும் சிரித்தாள். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

தானே ரெண்டு நிமிஷத்தில் நம்பரை மாற்றித் தருகிறேன் என்றாள். வேண்டாம் என்றேன். நாளைக்கு விலை மாறும், படம் மாறும். ஒவ்வொன்றுக்கும் மாடியைப் பார்த்துக் கூப்பிடணுமா? முதஸ்ஸிரிடம் கேட்டு நிற்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம். நானே செய்யணும், சின்னதா ஒரு எடிட்டர் காட்டு என்றேன். ஆறாவது படித்தவளுக்கு இந்த வாய் எங்கிருந்து வந்ததோ.

மூன்று காட்டினாள்.

முதலாவது, கம்ப்யூட்டரிலேயே இருக்கிற நோட்பேட். பைப்பைத் திறந்தால் தண்ணி வருகிற மாதிரி உடனே திறந்தது. ஆனால் எல்லாம் ஒரே கறுப்பு எழுத்து, எறும்பு ஊர்கிற மாதிரி. என் விரல் பட்டு ஒரு மேற்கோள் குறி அழிந்துபோனது எனக்குத் தெரியவே இல்லை. தாரணி பக்கத்தைத் திறந்து காட்டினாள் — பாதிக்கு மேல் காணோம். மெத்தை இல்லை, குஷன் இல்லை, நீங்கள் எடுத்த படம் ஒன்றும் இல்லை. என் கை பிளக்குக்குப் போனது. "பதறாதீங்க, இது நம்ம கம்ப்யூட்டர்ல மட்டும்தான். இன்னும் நெட்ல ஏத்தல" என்று எதையோ அமுக்கித் திரும்பக் கொண்டுவந்தாள்.

இரண்டாவது பார்க்க அழகு. ஆனால் நடுநடுவே ஒரு கட்டம் வந்து, காசு கட்டி வாங்கிக்கொள் என்று இங்கிலீஷில் கேட்கிறது. கட்டம் எழும்புகிற ஒவ்வொரு தடவையும் நான் என்னவோ உடைத்துவிட்டேன் என்றே தோன்றியது. இது வேண்டாம் என்றேன்.

மூன்றாவதும் நோட்பேட்தான், பெயருக்குப் பின்னால் ரெண்டு கூட்டல் குறி போட்டிருக்கிறது. அதுவும் சட்டென்று திறந்தது, ஃபேன் கத்தவில்லை. எழுத்தெல்லாம் கலர் கலராக இருந்தது. வேண்டுமென்றே அந்த மேற்கோள் குறியை அழித்துப் பார்த்தேன். அதற்குக் கீழே இருந்த வரியெல்லாம் நிறம் மாறி ஓடியது. தப்பு எங்கே என்று படிக்கத் தெரியாதவளுக்கும் தெரிகிறது.

"இது" என்றேன்.

"வேலைக்குச் சேந்தப்ப நான் எடிட்டர் பாக்கவே ஒரு வாரம் ஆச்சு. நீங்க அரை மணி நேரத்துல முடிச்சிட்டீங்க" என்றாள்.

அவளுக்கு என்ன, நேரம் இருந்திருக்கும்.

ஜூலை 11, வியாழன்

இன்றைக்கு எழுத்து கோணலாக வருகிறது.

தாரணி சொன்னபடி பழைய ஃபைலை முதலில் தனியாக ஒரு நகல் எடுத்து வைத்தேன். அப்புறம் உங்கள் நம்பருக்குப் பக்கத்தில் போய் ஒவ்வொரு எண்ணாக அழித்தேன். வேகமாக அழிக்க மனசு வரவில்லை. என் நம்பரைப் போட்டேன். நிறம் எதுவும் ஓடவில்லை. நெட்டில் ஏற்றுவது எப்படி என்று காட்டினாள், ஏற்றினேன். அவள் போனில் பார்த்தோம். உங்கள் பெயர், கீழே என் நம்பர்.

இஃப்ரா அந்தப் போனை வாங்கி நம்பர் மேல் விரல் வைத்தாள்.

அலமாரிக்குள்ளிருந்து உங்க போன் அடிச்சது.

உங்க போன்தான். உங்க பாட்டு. இஃப்ரா என்னைப் பார்க்கிறாள், அலமாரியைப் பார்க்கிறாள். "அம்மி, அப்பா போன்" என்று சொல்லிவிட்டு என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். நான் புள்ளையை இழுத்து மடியில வச்சிக்கினேன். நம்பரை அழிச்சதுக்குக் கோவமா? நான்தானே அழிச்சேன், புள்ளையை ஏன் பயமுறுத்துறீங்க? வேற இன்னா பண்றது நான்?

அது நின்ற பிறகும் காதுக்குள் அடித்துக்கொண்டே இருந்தது. தாரணிக்கு ஆபீஸிலிருந்து கூப்பிட்டார்கள். "பயப்படாதீங்க, காலைல சொல்றேன்" என்று ஓடிவிட்டாள்.

நாளைக்கு வெள்ளி.

ஜூலை 12, வெள்ளி

தாரணிக்குக் காலையில் மீட்டிங்காம், வர முடியவில்லை. வாட்ஸப்பில் பேசி அனுப்பினாள். "அக்கா, பேயும் இல்ல பிசாசும் இல்ல. கண்ணுக்குத் தெரியற நம்பர் வேற, தொட்டா போற நம்பர் வேற. தெரியறத மட்டும் மாத்திருக்கீங்க. போறது உள்ள ஒளிஞ்சிக்கினு இருக்கு. அந்தப் பழைய நம்பர எங்கயாச்சும் கண்டுபிடிச்சு ரெண்டு தடவ தட்டுங்க, அது எங்கெங்க இருக்கோ அங்கெல்லாம் பச்சையா எரியும்."

தனியாக உட்கார்ந்தேன். பிஸ்மி சொல்லித் திறந்தேன். இங்கிலீஷ் எழுத்து எனக்குத் தெரியும், சேர்த்துப் படிக்கத்தான் நேரமாகும். மேலிருந்து கீழே விரல் வைத்து வந்தேன். ஒரு இடத்தில் இருந்தீர்கள். ரெண்டு தடவை தட்டினேன். பக்கத்தின் அடியிலும் பச்சையாக எரிந்தது. ரெண்டையும் மாற்றினேன். ஏற்றினேன். என் போனைத் தையல் மெஷின் மேல் வைத்துவிட்டு, இஃப்ராவை மாடிக்கு அனுப்பித் தாரணி போனிலிருந்து தொடச் சொன்னேன்.

மெஷின் மேல் அடித்தது. அலமாரி சும்மா இருந்தது.

சந்தோஷம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

ஜும்மா முடிந்து முதஸ்ஸிர் வந்தார். இஃப்ரா கையில் போனைக் கொடுத்தனுப்பினேன். "சார்ஜரு எங்க பாபி?" என்றார். அதையும் கொடுத்தேன். வெப்சைட்டைப் பற்றிச் சொல்லவில்லை. சொல்லியிருக்கணுமோ? திரைக்குப் பின்னால் நிற்பது வசதியாகப் போய்விட்டது.

ஜூலை 14, ஞாயிறு

ஒரு போனும் இல்லை. எல்லாவற்றையும் கெடுத்துவிட்டேனோ.

ஜூலை 16, செவ்வாய்

முதஸ்ஸிர் கூப்பிட்டார். "இன்னா பாபி, ஒரு காலும் வர்லியேன்னு பாத்தேன். சைட்ல உங்க நம்பர் கீது." நான் ஆமாம் என்றேன். "ஒரு வார்த்த சொல்லிட்டு செஞ்சிருக்கலாம்" என்று வைத்துவிட்டார்.

கத்தியிருந்தால் தேவலை. மெதுவாகச் சொன்னதுதான் பயமாக இருக்கிறது. வீட்டு வாடகை அக்ரிமெண்டும் அவர் பெயரில்தானே இருக்கிறது.

ஜூலை 17, புதன்

அவர் வரவில்லை. வாசலில் பைக் சத்தம் கேட்கும்போதெல்லாம் தையலை நிறுத்திக் கேட்கிறேன்.

ஜூலை 20, சனி

மதியம் போன் அடித்தது. தெரியாத நம்பர். முதஸ்ஸிர் யாரையாவது விட்டுப் பேசச் சொல்கிறாரோ என்று பயந்து, கடைசி மணியில்தான் எடுத்தேன்.

அடையாறிலிருந்து ஒரு அம்மா. வெப்சைட்டில் பார்த்துக் கூப்பிடுகிறார்களாம். பெரிய சோபா, ரெண்டு நாற்காலி, எல்லாவற்றுக்கும் கவர். என்ன துணி, எத்தனை நாள் ஆகும் என்று கேட்டார்கள். சொன்னேன். சரியாகத்தான் சொன்னேன். சரி, உங்ககிட்டயே கொடுக்கிறோம் என்றார்கள்.

அப்புறம், "ஷாஹுல் பாய்கிட்ட கொஞ்சம் குடும்மா" என்றார்கள். வெப்சைட்டில் உங்கள் பெயரை நான் மாற்றவே இல்லையே. என் நம்பருக்கு மேலே நீங்கள்தான் இருக்கிறீர்கள்.

"வெளிய போயிருக்காருங்க" என்றேன். யோசிக்கவே இல்லை, வாயிலிருந்து அப்படித்தான் வந்தது.

"போன தடவ அவருதான் அளவெடுத்தாரு. கச்சிதமா வந்துச்சு. அவரே வரட்டும், காத்திருக்கோம். எப்ப வருவாரு?"

கேட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன்.

எடிட்டரைத் திறந்து வைத்திருக்கிறேன். உங்கள் பெயருக்குப் பின்னால் அந்தச் சின்னக் கோடு விட்டு விட்டு மின்னுகிறது. அழிக்கிற பட்டன் எது என்று இப்போது எனக்கு நன்றாகத் தெரியும். அந்த அம்மா மறுபடி கூப்பிடுவார்கள்.

ஷாவு, எப்ப வருவீங்கன்னு சொல்லட்டும்?