யாரம்மா நீ?

ஐப்பசி 14, ஞாயிறு

போடிக் கூட்டத்தில் அச்சமின்மை குறித்து முழங்கிவிட்டு மேடையிலிருந்து இறங்கினேன். "கன்னம் ஒட்டிப்போச்சு, வயிறு மட்டும் முன்னால வருதேண்ணே!" என்று தோழர்கள் கேலி செய்தனர். எச்.ஐ.வி. மாத்திரைகளால் என் உடற்கொழுப்பு இடம் மாறியதை அவர்கள் அறியார்.

அப்போது சிலமலை முத்துலட்சுமி வந்தாள். ஏலத்தோட்டத் தொழிலாளி, அதே மாத்திரைக்கு என்னோடு வரிசையில் நிற்பவள்.

"டாக்டர் சொன்னபடி வெரசா நடக்குறீகளாண்ணே? நடந்து நடந்து எனக்கு வயிறு வத்திருச்சு."

தோழர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தனர்.

"யாரம்மா நீ?" என்றேன்.

என்னைச் சுற்றி நின்ற தோழர்களைப் பார்த்தாள். "ஆளு மாறிப்போச்சுங்கய்யா" என்று விலகிப் போனாள். அந்தப் பொய்யால் என்னைக் காத்தாள்.

நடையை நிறுத்தக்கூடாது என்பது மருத்துவர் கட்டளை. விடியலில் நான் நடக்கும் சாலையில்தான் அவள் மலைக்குப் போகும் ஜீப்புக்குக் காத்திருப்பாள். இப்போது வேறு சாலை தேடிக்கொண்டிருக்கிறேன்.