"எடுத்தேன்" என்று சொன்னேன்

செப்டம்பர் 9, 2025, செவ்வாய்

ஸ்கேன் சென்டரில் இன்று பதினாறு பேர். நகை நட்டோடு மெஷின் ரூமுக்குள் போகக்கூடாது என்று சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிவிட்டது. பொன்னமராவதியிலிருந்து வந்த அன்புமொழி அக்காவுக்குக் கழுத்து வலி, கையைத் தூக்க முடியவில்லை. முதலில் மஞ்சள் கயிற்றைக் கட்டிவிட்டு, தாலிச்செயினை நான்தான் எடுத்தேன். கவரில் போட்டு அவர் பைக்குள் வைத்தேன். அன்னவாசல் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன்.

செப்டம்பர் 12, வெள்ளி

திருட்டா? நானா?

நல்ல நாள் என்று அக்கா இன்று காலை செயினைப் போட்டுக்கொள்ளப் பையைத் திறந்தாராம். கவர் இல்லை. அவர் வீட்டுக்காரர் ரெங்கசாமி நேராக ஸ்டேஷனுக்குப் போய்விட்டார். மதியம் எனக்குப் போன், ஸ்டேஷனுக்கு ஓடினேன்.

எஸ்.ஐ. கேட்டது ஒரே கேள்வி. "செயின நீதான் எடுத்தியாம்மா?"

"ஆமா சார், நான்தான் எடுத்தேன்."

எழுதிக்கொண்டிருந்த ஏட்டு நிமிர்ந்து பார்த்தார். அப்புறம் நான் பை, கவர் என்று கத்தியது யார் காதிலும் ஏறவில்லை. திங்கட்கிழமைக்குள் கொண்டுவந்து கொடுத்தால் கேஸ் இல்லாமல் முடித்துவிடலாமாம். எதைக் கொண்டுவர? கேட்டேன். சிரித்தார்கள்.

செப்டம்பர் 13

வேலைக்கு வரவேண்டாம் என்று சென்டரிலிருந்து மெசேஜ். பத்து வருஷத்துக்கு ஒரு வரி.

உம்மா தன் வளையலைக் கழற்றி என் முன்னால் வைத்து, இதை விற்று ஒரு செயின் வாங்கிக் கொடுத்துத் தொலைத்துவிடலாம் என்கிறார். கொடுத்தால் நான் திருடி என்றுதானே ஆகும் உம்மா? நாளைக்கு எவள் என்னை நம்பிக் கழுத்தைக் காட்டுவாள்? நன்றாகச் சண்டை போட்டேன். பாவம், அழுதுவிட்டார்.

செப்டம்பர் 15, திங்கள்

ஸ்டேஷனுக்குப் போகவில்லை. கோர்ட்டு வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போனேன். பெண்களுக்கு வக்கீல் இலவசமாம், இத்தனை நாள் தெரியாமலே இருந்திருக்கிறேன். எழுதிக் கொடுத்த மனுவுக்குக் கார்த்திகா என்ற வக்கீலை அனுப்பினார்கள். என்னைவிடச் சின்னப் பெண். இது என்னத்தைக் காப்பாற்றப் போகுது என்றுதான் முதலில் நினைத்தேன்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எடுத்தேன்னு ஏங்க சொன்னீங்க?" என்றார்.

"வேற எப்படிங்க சொல்றது? ஒரு பொம்பளையோட தாலிய 'கழட்டுனேன்'னு சொல்ல வாய் கூசாதா? நான் பாய் வீட்டுப் பொண்ணுதான். எனக்கே வரல."

போலீசிடம் சொன்னதைக் குற்ற ஒப்புதலாகக் கோர்ட்டு எடுத்துக்கொள்ளாது என்றார். இனி தனியாகப் போகக்கூடாது, வாசிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடக்கூடாது என்றார். மூன்று நாளுக்கப்புறம் இன்றுதான் சோறு இறங்கியது.

செப்டம்பர் 17

கார்த்திகாவோடு ஸ்டேஷன். அன்புமொழி அக்காவும் வந்திருந்தார், என் முகத்தைப் பார்க்கவே இல்லை. அன்றைக்கு நடந்ததை முதலிலிருந்து சொல்லச் சொன்னார் கார்த்திகா.

"இந்தப் பொண்ணுதான் செயின எடுத்துச்சு. எடுத்து என் பைக்குள்ள வச்சுச்சு. பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன்."

இதை ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று எஸ்.ஐ. கேட்டார்.

"எடுத்துச்சான்னு எங்க வீட்டுக்காரவுக கேட்டாக, ஆமான்னேன். அதுக்கு மேல யாரும் கேக்கலையே."

ரெங்கசாமி தரையைப் பார்த்தார். அடப்பாவிகளா! ஒரு வார்த்தைக்கா என்னை இந்தப் பாடு படுத்தினீர்கள்?

செப்டம்பர் 22

செயின் கிடைத்துவிட்டது! அவர்கள் வீட்டு அரிசி டப்பாவில். தாலி கண்ட இடத்தில் கிடக்கக்கூடாது என்று மாமியார் பையிலிருந்து எடுத்துப் போட்டுவிட்டு மறந்துவிட்டாராம். சந்தோஷப்படக்கூடத் தெம்பில்லை.

செப்டம்பர் 23, செவ்வாய்

ஒரே ஒரு கையெழுத்துத்தான், வந்து போட்டுவிட்டுப் போங்கள் என்று போன் வந்தது. கார்த்திகாவுக்கு வேறு கேஸ், உம்மாவோடு போனேன். பேனாவைக் கையில் கொடுத்தார்கள். வாசித்தேன். ரெங்கசாமி எழுதிக் கொடுத்தது, கீழே சம்மதம் என்று என் கையெழுத்தும் வேண்டுமாம்.

'நிலோஃபர் ஒப்படைத்த தாலிச்செயினைப் பெற்றுக்கொண்டு புகாரைத் திரும்பப் பெறுகிறேன்.'

நான் ஒப்படைத்ததா?

எல்லாவற்றுக்கும் இப்படித்தான் எழுதுவது வழக்கம் என்றார் ஏட்டு. சும்மா ஒரு வார்த்தைதானே, போட்டுவிட்டு வா என்று உம்மாவும் கையைப் பிடித்து இழுத்தார்.

பேனாவை மேசையில் வைத்தேன். "எங்க வக்கீல் வரட்டும் சார்."

மூன்று மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். கார்த்திகா வந்த பிறகு வேறு தாள் வந்தது. 'புகார்தாரர் வீட்டிலேயே கிடைத்த' என்று இருந்தது. இரண்டு தடவை வாசித்துவிட்டு என் பெயரை முழுதாக எழுதினேன்.